கனடா பிரெய்ரி பக்கத்து பழைய ஹோட்டல், பார் எல்லாம் கார்ல சுத்திப் பாக்கணுமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதிலும்

நான் ரெஜைனாவுல குடியிருக்கேன். நாலஞ்சு கோடையா ரெண்டு நாள் லீவு சேந்தாப்புல கிடைச்சா போதும், காரை எடுத்துக்கிட்டு சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா சின்ன ஊர்கள்ல இருக்கற பழைய ஹோட்டலையும் அதுக்குள்ள இருக்கற பாரையும் தேடிப் போயிடுவேன். போட்டோ போட்ட உடனே டொரோன்டோ அக்கால இருந்து கால்கரி நண்பர்கள் வரைக்கும் ஃபோன் பண்ணி அதே கேள்விகளை திரும்பத் திரும்ப கேக்கறாங்க. அதான் அவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலையும் போட்டு வச்சிருக்கேன்.

ஹோட்டல்னா சாப்பாட்டுக் கடையா, லாட்ஜா? எனக்கு முதல்ல அதுவே புரியல.

நம்ம ஊர்ல ஹோட்டல்னா இட்லி, பரோட்டா, தங்கறதுக்கு லாட்ஜ். இங்க ஒரே கட்டடத்துல எல்லாமே இருக்கும். கீழ் தளத்துல பார், பக்கத்துல சாப்பாட்டு ரூம், மேல ஒண்ணு ரெண்டு மாடில வரிசையா சின்னச் சின்ன ரூம், நடை முடியற இடத்துல எல்லாருக்கும் பொதுவா ஒரு பாத்ரூம். பெரும்பாலும் மரக் கட்டடம்தான், செங்கல்லுல கட்டினா அந்த ஊர் ஒரு காலத்துல கொஞ்சம் பணக்கார ஊர்னு வச்சுக்கலாம்.

கண்டுபிடிக்கறது ரொம்ப ஈசி. தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே அவென்யூன்னு ஒரு தெரு இருக்கும், அதை மெயின் ஸ்ட்ரீட் வந்து முட்டற மூலைல ஸ்டேஷனைப் பாத்த மாதிரி ஹோட்டல் நிக்கும். ஸ்டேஷனை இடிச்சிருப்பாங்க, தண்டவாளத்தைக் கூட பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க, ஆனா ஹோட்டல் மட்டும் இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கற மாதிரி அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கும்.

அங்க பாக்க என்ன இருக்கு, வெறும் வயக்காடுதானே?

மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூணு மாகாணத்தோட தெற்குப் பாதிதான் பிரெய்ரி. ஆமா, வயக்காடுதான். கோதுமை, ஜூலை மாசம் மஞ்சளா பூக்கற கனோலா, அப்புறம் பருப்பு. நாம வீட்டுல வைக்கற மசூர் பருப்புல நல்ல பங்கு சஸ்காச்சுவான்ல இருந்து கப்பல் ஏறிப் போனதுதான், உலகத்துலயே அதிகமா மசூர் ஏற்றுமதி பண்ற இடங்கள்ல இது ஒண்ணு.

மலை வேணும், அருவி வேணும்னா ராக்கி மலைப்பக்கம் போயிடுங்க, அது வேற பயணம். இங்க வரவங்க ஆளுங்களைப் பாக்க வரணும். ஊருக்குள்ள ஸ்கூல் மூடியாச்சு, பேங்க் மூடியாச்சு, மளிகைக் கடையும் இல்ல, ஆனா ஹோட்டல் பார்ல மட்டும் சாயங்காலம் லைட் எரியுதுன்னா அந்த ஊர் மொத்தமும் அங்கதான் இருக்கும். நான் இவ்ளோ தூரம் ஓட்டிட்டுப் போறது அந்த லைட்டுக்காகத்தான்.

நூறு பேர் இருக்கற ஊருக்கு எதுக்கு ரெண்டு மாடி ஹோட்டல்?

ரயில்தான் காரணம். கனடியன் பசிபிக் ரயில்வே 1882-ல ரெஜைனாவைத் தொட்டுச்சு, அதுக்கப்புறம் முப்பது வருஷத்துல கிளைப் பாதைங்க எல்லாப் பக்கமும் பரவிடுச்சு. ஏறக்குறைய 13 கிலோமீட்டர்ல இருந்து 16 கிலோமீட்டருக்கு ஒரு ஊர்னு வச்சாங்க, ஏன்னா விவசாயி குதிரை வண்டில தானியத்தை ஏத்திக்கிட்டு எலிவேட்டருக்குப் போய் இறக்கிட்டு ஒரே நாள்ல வீடு திரும்பணும். எலிவேட்டர்னா தூக்கி இல்லங்க, தானியக் கிடங்கு, தூரத்துல இருந்தே கோபுரம் மாதிரி தெரியும். 1930-கள்ல கனடா மேற்குல இந்த மாதிரி 5,700-க்கு மேல இருந்துச்சு.

ஊர் உருவான உடனே ரயில்ல இறங்கறவங்க எங்க தங்குவாங்க? நிலம் வாங்க வந்த குடும்பம், புதுசா வந்த வாத்தியார், டாக்டர், அப்புறம் முக்கியமா டவுன் டவுனா சுத்தற சேல்ஸ் ஆளுங்க. அவங்க பெட்டி பெட்டியா துணி, செருப்பு, பாத்திரம்னு கொண்டு வருவாங்க, அதை விரிச்சு வச்சு உள்ளூர் கடைக்காரங்களுக்குக் காட்ட ஹோட்டல்ல சாம்பிள் ரூம்னே ஒரு பெரிய ரூம் தனியா இருக்கும். இப்ப அந்த ரூம்ல பூல் டேபிள் கிடக்கும், நீளமான ஜன்னலைப் பாத்தா வெளிச்சம் வரட்டும்னு வச்சது தெரியும்.

பார் இல்லாத பழைய ஹோட்டலா பாத்து சொல்லுங்களேன்?

கஷ்டம். பார் இல்லாததுங்க பெரும்பாலும் போயிடுச்சு. சஸ்காச்சுவான்ல 1935-ல கண்ணாடி டம்ளர்ல பீர் ஊத்தி விக்க அனுமதி குடுத்தப்ப அதை ஹோட்டலுக்கும் சில கிளப்புக்கும்தான் குடுத்தாங்க. லைசென்ஸ் வேணும்னா இத்தனை ரூம் வச்சிருக்கணும்னு கண்டிஷன். அதனால யாருமே தங்க வராத ஊர்ல கூட மேல ரூமை பெருக்கி, பெட்ஷீட் விரிச்சு வச்சாங்க, கீழ பீர் விக்கறதுக்காக. பீர் காசுதான் கூரையை ஒழுகாம பாத்துக்கிச்சு. முதல்ல ரூமுக்காக பார் இருந்துச்சு, பிறகு பாருக்காக ரூம் இருந்துச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டா மத்த கேள்வி பாதிக்கு பதில் கிடைச்சிடும்.

மதுவிலக்கு இருந்துச்சாமே? அப்ப இதுங்க எப்படி பொழைச்சுது?

பாதி பொழைக்கலை. சஸ்காச்சுவான்ல 1915 ஜூலை 1-ம் தேதி பார் எல்லாத்தையும் மூடினாங்க, மானிட்டோபா, ஆல்பர்ட்டா ரெண்டும் 1916-ல. போர் நேரம், தானியத்தை சாராயமாக்காதேன்னு ஒரு பக்கம், குடிகாரப் புருஷனால சீரழிஞ்ச குடும்பங்களைக் காப்பாத்தணும்னு பெண்கள் சங்கங்க ஒரு பக்கம். பெண்ணுரிமைக்காகப் போராடின நெல்லி மெக்லங் மாதிரி ஆளுங்க ஓட்டுரிமையையும் மதுவிலக்கையும் சேத்தேதான் கேட்டாங்க, மூணு மாகாணமும் 1916-ல பெண்களுக்கு ஓட்டு குடுத்துச்சு. சஸ்காட்டூன் நகரமே 1880-கள்ல குடிக்காதவங்களுக்குன்னு ஆரம்பிச்ச குடியேற்றம்தான். அவங்க கோபம் நியாயமானதுன்னுதான் எனக்குத் தோணுது, அதையும் தெரிஞ்சுக்கிட்டு இந்த பார்ல உக்காரணும்.

ஹோட்டல்காரங்க ஐஸ்க்ரீம், சோடா, போதை ஏறாத பீர்னு வித்துப் பாத்தாங்க, நிறைய பேர் கைவிட்டுட்டுப் போனாங்க. சிலர் வேற வழி பாத்தாங்க. யார்க்டன்ல பால்மோரல் ஹோட்டல் நடத்தின ஹாரி பிரான்ஃப்மனும் அவர் குடும்பமும் விஸ்கி வியாபாரத்துல இறங்கி, பின்னாடி 1928-ல சீகிராம்ங்கற பெரிய விஸ்கி கம்பெனியவே வாங்கிட்டாங்க. 1920-ல அமெரிக்காவுல மதுவிலக்கு வந்ததும் எல்லையோர ஊர்ல இருந்து ராத்திரி கார் காரா சரக்கு தெற்கே போச்சு. எஸ்டெவன் பக்கத்துல பியன்ஃபே ஊர் ஸ்டேஷன்ல 1922 அக்டோபர்ல அந்த குடும்பத்து மாப்பிள்ளை பால் மேடாஃபை ஜன்னல் வழியா சுட்டுக் கொன்னாங்க, கொன்னது யாருன்னு கோர்ட்ல நிரூபணமே ஆகல.

மூஸ் ஜா ஊர் சுரங்கத்துல அல் கபோன் ஒளிஞ்சிருந்தாராமே?

மூஸ் ஜால டிக்கெட் எடுத்து சுரங்கம் சுத்திப் பாக்கலாம், நடிகர்கள் கதை சொல்லி கூட்டிட்டுப் போவாங்க, பசங்களுக்குப் பிடிக்கும். ஆனா கபோன்ங்கற அந்த அமெரிக்க தாதா அங்க வந்தாருன்னு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. அதைவிட பெரிய கதை அதே ஊர்ல நிஜமாவே நடந்துச்சு, குவாங் விங் கதை. அதை கீழ நிறத்தைப் பத்தின கேள்வில சொல்றேன்.

பீர் பார்லர்னா என்ன, சாதா பார் தானே?

இல்ல, அது தனி தினுசு. 1924-ல ஆல்பர்ட்டா, 1935-ல சஸ்காச்சுவான்னு திரும்ப பீர் விட்டப்ப, பழைய சலூன் மாதிரி ஆகிடக் கூடாதுன்னு பயந்து பயந்து விட்டாங்க. நின்னு குடிக்கக் கூடாது, டம்ளரை எடுத்துக்கிட்டு அடுத்த டேபிளுக்குப் போகக் கூடாது, பாடக் கூடாது, பல இடத்துல சாப்பாடும் கிடையாது. உக்காந்து குடி, முடிச்சுட்டு வீட்டுக்குப் போ, அவ்ளோதான். வெயிட்டர்தான் தட்டுல டம்ளரை அடுக்கி எடுத்துக்கிட்டு வருவார்.

அந்தக் காலத்து அடையாளம் இன்னும் சில இடத்துல கிடைக்கும். சின்ன வட்ட டேபிள், அது மேல குளியல் துண்டு மாதிரி சொரசொர துணியை எலாஸ்டிக் வச்சு இழுத்து மாட்டியிருப்பாங்க, சிந்தின பீரை உறிஞ்சிக்கறதுக்கு. ஒரு ஊர்ல நான் அதுல கையை வச்சேன், லேசா ஈரமா இருந்துச்சு, ஓரமெல்லாம் நூல் பிரிஞ்சு வட்ட வட்டமா டம்ளர் தடம். அந்தத் துணியை திங்கக்கிழமை திங்கக்கிழமை வீட்டுல துவைச்சு எடுத்துட்டு வர்றேன்னு கல்லால இருந்த அம்மா சொன்னாங்க.

பொண்ணுங்க தனியா போகலாமா?

இப்ப தாராளமா போகலாம், பாதி இடத்துல கல்லால நிக்கறதே பொண்ணுங்கதான். ஆனா இது எவ்ளோ புது விஷயம்னு தெரியணும். சஸ்காச்சுவான்ல 1960 வரைக்கும் பீர் பார்லருக்குள்ள பெண்கள் நுழையவே முடியாது. ஆல்பர்ட்டால கால்கரி, எட்மன்டன்ல 1967 வரைக்கும் ஆம்பளைங்களுக்குத் தனி ரூம், பெண்களுக்கும் அவங்க கூட வர்றவங்களுக்கும் தனி ரூம், தனி வாசல். பழைய கட்டடத்துல பக்கத்துச் சுவத்துல இன்னொரு கதவை அடைச்ச தடம் இருந்தா நின்னு பாருங்க, அது அந்த வாசலா இருக்கலாம்.

என் மனைவி தனியா உள்ள போய் கல்லா பக்கத்து ஸ்டூல்ல உக்காந்துடுவாங்க, நான் பார்க்கிங்ல இருந்து வர்றதுக்குள்ள அவங்களுக்கு ஊர்க்கதை பாதி தெரிஞ்சிருக்கும். அவங்க சொல்ற யோசனை, வெள்ளி ராத்திரி பத்து மணிக்கு மேல போறதைவிட சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போங்க, அப்பதான் பேச நேரம் இருக்கும்.

நம்ம நிறத்தைப் பாத்து ஒரு மாதிரி நடத்துவாங்களா? உண்மைய சொல்லுங்க.

கதவைத் திறந்ததும் எல்லாத் தலையும் திரும்பும். பக்கத்து டவுன்ல இருந்து வெள்ளைக்காரர் வந்தாலும் திரும்பும், தெரியாத ஆள் வர்றதே அபூர்வம். நான் என்ன பண்ணுவேன்னா, நேரா கல்லாவுக்குப் போய் வணக்கம் சொல்லி, எங்க இருந்து வர்றேன், எதுக்கு வர்றேன்னு நானே சொல்லிடுவேன், இந்தக் கட்டடம் எப்ப கட்டினதுங்கன்னு கேப்பேன். அப்புறம் பேச்சை நிறுத்தறதுதான் கஷ்டம். முகம் சுளிச்ச இடமும் ஒண்ணு ரெண்டு உண்டு, சாப்பிட்டுட்டு கிளம்பிடுவேன்.

இந்த ஊர்களோட பழைய கணக்கு சுத்தமா இல்லங்கறதையும் சொல்லணும். ஏறக்குறைய எல்லா ஊர்லயும் ஒரு சீனக் குடும்பமோ, பெரும்பாலும் குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு வந்த தனி மனுஷனோ கஃபே நடத்தியிருப்பாங்க, சில இடத்துல ஹோட்டலும். அவங்க உள்ள வரவே 1903-ல இருந்து தலைக்கு 500 டாலர் வரி, 1923-ல இருந்து 1947 வரைக்கும் கதவே மூடல். சஸ்காச்சுவான் 1912-ல சீனர் கடைல வெள்ளைக்காரப் பெண்கள் வேலை பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. மூஸ் ஜால உணவகம் வச்சிருந்த குவாங் விங் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார், 1914-ல தோத்தார். பூர்வகுடி மக்களுக்கு சஸ்காச்சுவான்ல 1960 வாக்குலதான் பார்ல உக்காந்து குடிக்கற உரிமையே வந்துச்சு, அது வரைக்கும் அவங்க நிலத்துல கட்டின கட்டடத்துக்குள்ள அவங்களுக்கே இடமில்ல. இப்ப கொரியக் குடும்பங்க, நம்ம நாட்டுக் குடும்பங்க நடத்தற ஹோட்டல் நிறைய. ஒரு இடத்துல பர்கர் கேட்டோம், கூடவே ஒரு கிண்ணத்துல கிம்ச்சியும் வந்துச்சு, பக்கத்து டேபிள் விவசாயி அதை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கிட்டு சாப்பிட்டுட்டு இருந்தார்.

சரி, எந்த ரூட்ல ஆரம்பிக்கறது?

முதல் தடவைன்னா நான் சொல்றது மெல்வில்ல இருந்து வடமேற்கா போற 15-ம் நம்பர் ரோடு. கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே ஊர்களுக்கு ஆங்கில அகரவரிசைல பேர் வச்சுக்கிட்டே போச்சு. ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர், லெரோஸ், லெஸ்டாக், இப்படியே பன்னிச்சி, குவின்டன், ரேமோர், செமன்ஸ்னு போகும், சஸ்காட்டூன் நெருங்கறப்ப யங், ஸெல்மா, உடனே மறுபடி ஆலன், பிராட்வெல், கிளாவெட். எல்லா ஊர்லயும் ஹோட்டல் இருக்காது, சில ஊர்ல ஊரே இருக்காது, காலி மனைல ஹோட்டலோட சிமென்ட் படி மட்டும் நிக்கும், அதையும் நிறுத்திப் பாருங்க. ராத்திரிக்கு வாட்ரஸ் பக்கத்துல மானிட்டு பீச்ல தங்கிடுங்க, உப்பு ஏரி, உடம்பு தானா மிதக்கும், அங்க 1928-ல கட்டின டான்ஸ்லேண்ட்ங்கற நடன மண்டபம் இருக்கு, மரத்தளத்துக்கு அடில குதிரை முடியைப் பரப்பி வச்சிருக்காங்க, ஆடறப்ப கால் நோகாது.

ரெண்டாவது தடவை தெற்கே 13-ம் நம்பர் ரோடு, சிவப்புக் கோட்டுப் பாதைன்னு பேரு, 1874-ல மேற்கே வந்த குதிரைப் போலீஸ் நினைவா. அசினிபோயா, கின்கெய்ட், அனராய்ட், போன்டே, ஷானவான், ஈஸ்ட்எண்ட். அனராய்டுங்கற பேரு, நிலம் அளக்க வந்தவங்க அங்க ஒரு அனராய்டு காற்றழுத்தமானியத் தொலைச்சதால வந்ததுன்னு சொல்வாங்க. ஈஸ்ட்எண்ட் பக்கத்துலதான் 1991-ல ஸ்காட்டிங்கற டைனோசர் எலும்பு கிடைச்சுது. வழில டைம் இருந்தா வால் மேரி பக்கம் இறங்கி புல்வெளி தேசியப் பூங்காவையும் பாத்துடுங்க, உழாத புல்வெளி எப்படி இருந்துச்சுன்னு அங்கதான் தெரியும்.

நாங்க கால்கரி. ஆல்பர்ட்டா பக்கம் ஒண்ணு சொல்லுங்க, ஒரு நாள் போதும்னா.

டிரம்ஹெல்லர் போய் அங்க இருந்து வெய்ன். ரோஸ்பட் ஆறு வளைஞ்சு வளைஞ்சு போறதால 6 கிலோமீட்டருக்குள்ள 11 பாலம்னு பேர் வாங்கின ரோடு அது, பாலமெல்லாம் ஒரு கார் போற அகலம்தான். வெய்ன் நிலக்கரிச் சுரங்க ஊர், ஒரு காலத்துல 2,000 பேருக்கு மேல இருந்த இடம், இப்ப ரொம்ப கொஞ்சம் பேர்தான். 1913-ல கட்டின ரோஸ்டியர் ஹோட்டல், கீழ லாஸ்ட் சான்ஸ் சலூன், சுவத்துல துப்பாக்கி குண்டு ஓட்டையை கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க.

இன்னொரு நாள் கிடைச்சா புரூக்ஸ் பக்கத்துல பாட்ரிஷியா ஹோட்டல். 1915-ல இருந்து இருக்கு, சுவர் பூரா அந்தப் பக்கத்து பண்ணைகளோட மாட்டுச் சூட்டுக்குறிகள், கறித்துண்டை நீங்களே கிரில்ல போட்டு வாட்டிக்கலாம். பக்கத்துலயே டைனோசர் மாகாணப் பூங்கா, 1979-ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ரௌலின்னு இன்னொரு ஊர், பத்து பேர் கூட கிடையாது, மாசக் கடைசி சனிக்கிழமை சாம்ஸ் சலூன்ல பீட்சா நைட் போட்டு, வர்ற காசுலதான் அந்த எலிவேட்டரையும் ஸ்டேஷனையும் பழுது பாத்துட்டு வந்தாங்க. எனக்கு இந்த மூணுல ரௌலி மேலதான் பாசம் ஜாஸ்தி, அந்த ஊர்க்காரங்க யாரையும் எதிர்பாக்காம தாங்களே தூக்கி நிறுத்தினது அது.

ராத்திரி தங்கலாமா? ரூம் சுத்தமா இருக்குமா?

இடத்தைப் பொறுத்தது. போன உடனே ரூமைக் காட்டுங்கன்னு கேளுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சின்ன ரூம், இரும்புக் கட்டில், ஒரு வாஷ்பேசின், ஜன்னல் அடில நீராவி ரேடியேட்டர், அது ராத்திரி டங் டங்னு சத்தம் போடும். பாத்ரூம் முதல் பதில்ல சொன்ன மாதிரி நடைக் கடைசில. சில பழைய ரூம்ல ஜன்னல் பக்கம் முடிச்சுப் போட்ட கயிறு மாட்டற கொக்கி இன்னும் இருக்கும், தீப்பிடிச்சா அதைப் பிடிச்சு இறங்கணும். மரக் கட்டடம், உள்ள கரி அடுப்பு, ஊர்ல தண்ணி பம்ப் கிடையாது, அப்படி எரிஞ்சு போன ஹோட்டல் கணக்கே இல்ல. அதனால நான் எங்க தங்கினாலும் முதல்ல பின்பக்கப் படி எங்க இருக்குன்னு பாத்துட்டுதான் பையைப் பிரிப்பேன்.

பாருக்கு நேர் மேல ரூம் குடுத்தா பன்னெண்டு மணி வரைக்கும் தூக்கம் வராது, எதிர் பக்கம் கேளுங்க. மேல தங்கறதுல பாதி, மாசக்கணக்குல வாடகைக்கு இருக்கற எண்ணெய்க் கிணறு ஆளுங்களா இருப்பாங்க, காலைல அஞ்சு மணிக்கு பூட்ஸ் சத்தம் கேக்கும்.

நான் குடிக்கவே மாட்டேன், அப்ப எனக்கு என்ன வேலை அங்க?

நானும் பாதி நாள் குடிக்கறதில்ல, ஓட்டணும்ல. காபி வாங்கிக்கங்க, பாப் வாங்கிக்கங்க (சோடாவை இங்க அப்படித்தான் சொல்வாங்க), யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. காலைல ஒன்பது மணி வாக்குல போனா வயசான விவசாயிங்க ஒரே டேபிள்ல காபியோட உக்காந்து பகடை உருட்டி யார் காசு குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு இருப்பாங்க. மழை எத்தனை மில்லிமீட்டர், கனோலா விலை என்ன, யாருக்கு இடுப்பு ஆபரேஷன், இதான் பேச்சு. நம்ம ஊர் டீக்கடை பெஞ்சுதான் அது, பேப்பர் மட்டும்தான் இல்ல.

நாங்க சைவம். பட்டினி கிடக்கணுமா?

பட்டினி இல்ல, ஆனா கேட்டு வாங்கணும். இங்க உக்ரைன்ல இருந்து வந்த குடும்பங்க அதிகம், அதனால பெரோகி கிடைக்கும், உருளைக்கிழங்கும் சீஸும் வச்ச கொழுக்கட்டை மாதிரி, மேல பன்றிக்கறித் துண்டு தூவிடுவாங்க, அது வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. கிரில்டு சீஸ், ஃப்ரைஸ், சீசன்ல சஸ்காட்டூன் பெர்ரி பை, அதை மட்டும் விட்டுடாதீங்க. எண்ணெய் எல்லாத்துக்கும் ஒரே சட்டிதான், அதை ஏத்துக்க முடியாதவங்க வீட்டுல இருந்து புளிசாதம் கட்டிக்கிட்டு வந்துடுங்க, நாங்க எப்பவும் ஒரு டப்பா வச்சிருப்போம்.

கறி சாப்பிடறவங்க டிரை ரிப்ஸ் கேளுங்க, சின்னச் சின்னப் பன்றி விலாத் துண்டை உப்பு மிளகு போட்டு பொரிச்சது, பிரெய்ரி பார்ல அதுதான் ராஜா.

குடிக்கறவங்களுக்கு? உள்ளூர்க்காரங்க என்ன குடிப்பாங்க?

பில்ஸ்னர், சுருக்கமா பில். லெத்பிரிட்ஜ்ல 1926-ல ஆரம்பிச்ச பீர். அதோட லேபிளை கைல எடுத்து நிதானமா பாருங்க, ரயில், கார், ஏரோப்ளேன், கூம்புக் கூடாரங்கள், குதிரைல ஆளுங்க, நடுவுல அங்கங்க முயல்கள், எத்தனை முயல்னு எண்றது பார்ல பழைய விளையாட்டு. பீர்ல தக்காளி ஜூஸ் ஊத்தி குடிக்கறதை ரெட் ஐம்பாங்க. சீசர்னு ஒரு காக்டெயில், 1969-ல கால்கரில ஒரு ஹோட்டல்ல வால்டர் செல்ங்கறவர் உண்டாக்கினது, தக்காளியும் சிப்பி ஜூஸும் கலந்து, ஓரத்துல உப்பு தடவி, நம்ம நாக்குக்குப் பிடிக்கும்.

ரெண்டு பீர் குடிச்சுட்டு அடுத்த ஊருக்கு ஓட்டலாமா? ரோடுதான் காலியா இருக்கே?

வேண்டாம். கனடா சட்டப்படி ரத்தத்துல ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தா குற்றம், ஆனா சஸ்காச்சுவான்ல 0.04-லயே லைசென்ஸ பிடுங்கி காரையும் எடுத்துக்கிட்டுப் போயிடலாம், மத்த ரெண்டு மாகாணத்துல 0.05. புது லைசென்ஸ்காரங்களுக்கு சுத்தமா பூஜ்யம். டாக்ஸி கிடையாது, பஸ் கிடையாது. குடிக்கணும்னா மேல ரூம் போட்டுக்கங்க, அதுக்குத்தானே அது இருக்கு. வயசு ஆல்பர்ட்டா, மானிட்டோபால 18, சஸ்காச்சுவான்ல 19.

பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

சாப்பாட்டு ரூம் தனியா இருந்தா போகலாம், வெறும் பார்னா முடியாது. ஒவ்வொரு இடத்து லைசென்ஸும் வேற, முன்னாடியே ஃபோன்ல கேட்டுடுங்க.

எப்ப போனா நல்லது? ரோடு எப்படி?

ஜூன்ல இருந்து செப்டம்பர். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் சூரியன் இறங்கும், அந்த வெளிச்சத்துல பழைய மரச் சுவர் தேன் நிறத்துல இருக்கும். அறுவடை நேரத்துல, அதாவது ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல, பகல்ல பார் காலியா இருக்கும், எல்லாரும் வயல்ல. டைம் குழப்பம் ஒண்ணு இருக்கு, சஸ்காச்சுவான் கடிகாரத்தை மாத்தறதே இல்ல, அதனால கோடைல ஆல்பர்ட்டாவும் அதுவும் ஒரே நேரம், மானிட்டோபா ஒரு மணி நேரம் முன்னாடி.

ரோட்டுல ரெண்டு எச்சரிக்கை. பொழுது சாயறப்ப மானும், மூஸுங்கற பெரிய மானும் குறுக்க வரும், மெதுவா போங்க. இன்னொண்ணு மழை பெஞ்ச பிறகு மண் ரோட்டுல இறங்காதீங்க. இங்க களிமண்ணை கம்போம்பாங்க, டயர்ல அப்பிக்கிட்டு சக்கரம் வண்டிக்குள்ளயே சிக்கிடும். எனக்கு ஒரு தடவை ஆச்சு, மூணு கிலோமீட்டர் குறுக்கு வழின்னு மேப்ல பாத்து திரும்பினேன், அரை கிலோமீட்டர்ல கார் நின்னு போச்சு. குச்சியால மண்ணைச் சுரண்டிக்கிட்டு இருந்தப்ப ஒரு பெரியவர் டிராக்டர்ல வந்து இழுத்து விட்டார், காசு குடுத்தேன், வாங்கல, ஹோட்டலுக்கா போறீங்க, அங்க என் பேர்ல ஒரு பை சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். எதிர்ல வர்ற வண்டிக்காரர் ஸ்டியரிங்ல இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், அது வணக்கம், நீங்களும் தூக்குங்க.

பேய் இருக்காமே இந்த ஹோட்டல்ல எல்லாம்?

கதை எல்லா ஊர்லயும் இருக்கு, வெய்ன் ரோஸ்டியர் மேல் மாடிக்கு ரொம்ப பேரு. நான் ஒண்ணும் பாத்ததில்ல. ஆனா அந்தச் சுரங்க ஊர்கள்ல நிஜமா செத்தவங்களை நினைச்சாலே போதும். 1931 செப்டம்பர் 29-ம் தேதி எஸ்டெவன்ல கூலி கேட்டு ஊர்வலம் போன சுரங்கத் தொழிலாளிங்க மேல போலீஸ் சுட்டதுல மூணு பேர் செத்தாங்க, மேல சொன்ன பியன்ஃபே ஊர் இடுகாட்டுல மூணு பேரும் ஒரே கல்லுக்கு அடில இருக்காங்க. ஹோட்டலுக்குப் போற வழில அங்க நின்னுட்டுப் போங்க.

இவ்ளோ நல்லா இருந்தா ஏன் ஒண்ணொண்ணா மூடறாங்க?

ஒரே காரணம் இல்ல. தானியம் ரயில்ல கொண்டு போக 1897-ல இருந்து சலுகைக் கட்டணம் இருந்துச்சு, 1995-ல எடுத்துட்டாங்க, கிளைப் பாதை மூடினாங்க, சின்ன எலிவேட்டரை இடிச்சு நாப்பது அம்பது மைலுக்கு ஒண்ணா சிமென்ட்ல பெருசா கட்டினாங்க. விவசாயி அந்தப் பக்கம் லாரில போனா சாமானையும் அங்கயே வாங்கிக்கறார். பண்ணைகளும் பெருசாகி குடும்பங்க குறைஞ்சு போச்சு.

1990-கள்ல சூதாட்ட மெஷின் வந்து கொஞ்சம் மூச்சு விட்டாங்க, நிறைய பாருக்கு அந்த கமிஷன்தான் கரண்ட் பில். அந்த மெஷின் முன்னாடி சம்பளத்தை விட்ட ஆளுங்களையும் நான் பாத்திருக்கேன், அதை நல்லதுன்னு என்னால சொல்ல முடியல. 2005 ஜனவரில சஸ்காச்சுவான்ல உள்ள புகைக்கத் தடை, நல்ல சட்டம்தான், ஆனா கூட்டம் குறைஞ்சுது. மேல லைசென்ஸ் பத்தி சொன்னேன்ல, அந்த ஹோட்டலுக்கு மட்டுங்கற சலுகையும் இப்ப இல்ல, மது எங்க வேணும்னாலும் கிடைக்குது. நாம போட்டோ மட்டும் எடுத்துட்டு கார்ல இருந்து இறங்காம போயிட்டா அதுவும் ஒரு காரணமாயிடும், அதனால தயவு செஞ்சு உள்ள போய் ஒரு காபியாவது வாங்குங்க.

மூடிக் கிடக்கற ஹோட்டலுக்குள்ள போய் போட்டோ எடுக்கலாமா?

கூடாது. யாரோ ஒருத்தர் சொத்து அது, மாடித் தளம் உளுத்துப் போயிருக்கும். வெளில ரோட்டுல இருந்து எடுங்க. பக்கத்து வீட்டுல கேட்டா சில நேரம் சாவி வச்சிருக்கறவங்களே வந்து திறந்து காட்டுவாங்க, எனக்கு ரெண்டு தடவை அப்படி நடந்திருக்கு.

ஒரு ஹோட்டலை வாங்கிடலாம்னு பாக்கறேன், டொரோன்டோல வீட்டுக்கு முன்பணம் கட்டற காசுக்கு மொத்தக் கட்டடமே வருதே?

இதை மூணு பேர் சீரியஸா கேட்டாங்க. விலை குறைவுதான். ஆனா பாய்லர் எத்தனை வருஷம் ஆச்சு, கூரை எப்ப போட்டது, வயரிங் என்ன, தீயணைப்புத் துறை என்ன மாத்தச் சொல்லியிருக்கு, முக்கியமா இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியாவது தருமா, இதெல்லாம் எழுத்துல வாங்குங்க. நடத்தறவங்க காலைல முட்டை பொரிச்சு, மத்தியானம் கல்லா பாத்து, ராத்திரி ஒரு மணிக்கு தரை துடைக்கறாங்க, வாரம் ஏழு நாளும். வேலைக்கு ஆள் கிடைக்கறதில்ல, பெரும்பாலும் குடும்பமே பாக்கணும், பசங்க ஸ்கூலுக்கு பஸ்ல நாப்பது கிலோமீட்டர்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அப்படி வாங்கி எட்டு வருஷமா நடத்தறாங்க, சந்தோஷமாதான் இருக்காங்க, ஊர்ல ஒரு சாவு விழுந்தா முதல் ஃபோன் அவங்களுக்குத்தான் வருது, சாப்பாடு எத்தனை பேருக்குன்னு. அவங்க கிட்ட யாரு வந்து கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்றாங்க. ஜூலைல வந்து பாக்காதீங்க, ஜனவரில மைனஸ் முப்பதுல ஒரு வாரம் மேல ரூம்ல தங்குங்க, செவ்வாய்க்கிழமை ராத்திரி கீழ இறங்கி வந்து எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.